லைசென்ஸ் தாங்காத எடை

ஹலோ... ஹலோ, டெல்மா? நோரீன்தான்டி... ஆமா, ஆமா... இல்லடி, இன்னும் ஏரிக்கு வரலை. மெரிட் ஊருக்கு முன்னாடியே எடை மேடையில நிக்கிறோம்... எடை மேடைடி! லாரியெல்லாம் ஏத்தி நிறுப்பாங்களே, அதுல...

விபத்தெல்லாம் ஒண்ணுமில்ல. ஒரு அதிகாரி கை காட்டி நிறுத்தினா. சின்னப் பொண்ணு, என் மக கிர்ஸ்டன் வயசுதான் இருக்கும். வீடு மாதிரி இவ்ளோ பெரிய ட்ரெய்லரை இழுக்கிறீங்களே, லைசென்ஸைக் காட்டுங்கன்னா. லெஸ்டர் நீட்டினார். அது சாதா லைசென்ஸ்... ஆமா, நாலாயிரத்து அறுநூறு கிலோ வரைக்கும்தான். ட்ரெய்லரை எடை போட்டா முன்னூத்தெண்பது கிலோ கூட... சிரிக்காதே!

அதேதான். இழுக்கிற பிக்கப் வண்டி தாங்குது, ட்ரெய்லர் தாங்குது, என் வீட்டுக்காரர் லைசென்ஸ்தான் தாங்கலை... கூடுதல் பரீட்சையா? ரெண்டு தடவை ஓட்டிக் காட்டி ரெண்டு தடவையும் கோட்டை விட்டாரே, உனக்குத் தெரியாதா? முப்பது வருஷமா இழுக்கிறேன், எனக்கென்ன பரீட்சைன்னு அதோட விட்டுட்டார்...

உஷ்! மெதுவாப் பேசு. என்கிட்ட அந்த லைசென்ஸ் இருக்குன்னு எனக்குத் தெரியாதா? கைப்பையிலதான் இருக்கு... எப்படிடி சொல்றது? சர்ச்சுல போர்வை தைக்கப் போறேன்னு சொல்லிட்டு, உன் ட்ரெய்லரை வச்சுப் பழகிட்டு, மொதல் தடவையே தேறிட்டேன்னா அந்த மனுஷன் மூஞ்சி தொங்கிப் போயிடாதா?... ஆமா, பாவமா இருக்குடி. என்ன இருந்தாலும் கட்டின புருஷன்.

இப்பவா? எடையைக் குறைக்கிறாராம். மொதல்ல தண்ணித் தொட்டியைத் திறந்து விட்டார். இருநூறு லிட்டர்... வீட்டுக் கிணத்துத் தண்ணி. ஏரிக்கரைத் தண்ணியில காபி போட்டா வாயில வைக்க முடியாதாம், தொட்டி நிறைய ரொப்பிட்டு வந்தார்... ஆமா, எங்க போனாலும் எங்க கிணறும் கூடவே வரும்! அப்புறம் விறகை எல்லாம் தூக்கி பிக்கப்புக்கு மாத்தினார். ட்ரெய்லர் குறைஞ்சுது, பிக்கப் கூடிப்போச்சு. இப்ப அதே விறகு மறுபடி ட்ரெய்லருக்கே ஏறுது. அந்தப் பொண்ணு கையைக் கட்டிட்டு வேடிக்கை பாக்குறா...

இன்னும் நூத்தியெண்பது கிலோ... மணி என்ன? நாலரையா? ஐயையோ! ஆறுக்குள்ள வரலைன்னா முகாம்காரன் நம்ம இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவானே. கிர்ஸ்டன் குழந்தையைத் தூக்கிட்டு வந்து நிப்பாடி. மொத மொதலா பேத்தி முகத்தைப் பாக்கப் போறோம்... ஆமா, நீதான் அங்க இருக்கியே, அவன்கிட்ட கொஞ்சம் பேசிப் பாரு... சரி, சரி...

இரு. என்னவோ தூக்கிட்டு வர்றார்... அடக்கடவுளே, அந்தக் குட்டி நாற்காலி. பேத்திக்குன்னு குளிர்காலம் பூரா ஷெட்டுல உக்காந்து இழைச்சாரே, அது. எட்டு கிலோ கூட இருக்காதுடி. ரோட்டோரமா வச்சுட்டு, அதையே பாத்துட்டு நிக்கிறார்...

போதும்டி. என்னால பாக்க முடியலை. வைக்காதே, லைன்லயே இரு.

இந்தாம்மா, இது என் லைசென்ஸ். நல்லாப் பாரு... ஆமாம்மா, இந்த எடையை நான் இழுக்கலாம்... சாவி அவர்கிட்ட இருக்கு.

என்னங்க, அப்படிப் பாக்காதீங்க... மார்ச்ல... போர்வையா? ஒரு போர்வையும் தைக்கலை... என்ன கேட்டீங்க? எத்தனாவது தடவையா?... நாலாவது தடவைங்க. சத்தியமா! மூணு தடவை ஊத்திக்கிச்சு. பின்னாடி எடுக்கும்போது ஒரு கம்பத்தை வேற சாச்சுட்டேன்... ஆமா, உங்களை விட ஒண்ணு கூடத்தான்! நாற்காலியை உள்ள ஏத்துங்க மொதல்ல.

டெல்மா, இருக்கியா?... சாவியைக் குடுத்துட்டார். சிரிக்கிறார்டி!... நல்லாக் கேட்டுக்கோ. வந்ததும் உன்னைத்தான் விசாரிப்பார். எத்தனை தடவை?... ஒண்ணு இல்லடி, நாலு!... ஆமா, கம்பமும் உண்டு... பக்கத்து சீட்டுல ஏறிட்டார். வச்சுடறேன்.