பக்ருதீனின் மண்ணீரல்

நாய்களிடம் எனக்கு எப்போதுமே பிரியம் உண்டு, இன்ஸ்பெக்டர். ஈதர் கொடுக்கும் முன் ஒவ்வொன்றையும் தலையில் தடவிக் கொடுப்பேன். ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால், யுத்தத்தின்போது பட்டாளத்தார் விட்டுப்போன கிடங்குதான் என் ஆய்வுக்கூடம். நாய்ச் சத்தம் தாங்கவில்லை என்று பக்கத்து மரவாடிக்காரர்கள்கூடக் குறை சொன்னதில்லை.

ஈதரை முகர்ந்து மயங்கிய பிராணியின் உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவு குறைகிறது என்பது என் கட்சி. நீலச் சாயத்தை ஒரு காலில் ஏற்றுவேன்; சற்றுப் பொறுத்து இன்னொரு காலில் ரத்தம் எடுப்பேன். சாயம் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று பார்த்தால் மொத்த ரத்தமும் தெரிந்துவிடும். எல்லா நாய்க்கும் குறையத்தான் செய்தது.

ஆனால் வைத்தியர்கள் கூடிய கூட்டத்தில் டாக்டர் வரதன் எழுந்தார். “ஜெயவேல், நாயோட மண்ணீரல் ரத்தத்தைத் தேக்கி வைக்கிற தொட்டி. மயக்கத்துல ரத்தம் அதுல போய் ஒதுங்கி உங்களை ஏமாத்துது. மனுஷனுக்கு அப்படி இல்லையே?”

எல்லோரும் சிரித்தார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. கேள்வி நியாயமானது.

எனக்குத் தெருநாய் பிடித்துக் கொடுத்தவன் பக்ருதீன். ஒரு நாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

“கடவாப்பல்லு பேஜாரு பண்ணுது சார். நாய்ங்களுக்குக் குடுக்கிறியே மருந்து, அத்த எனக்கும் குடுத்துட்டுப் புடுங்கி வுட்டுடேன்.”

கேட்டது அவன். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

“வலிக்குமா சார்?”

“வலிக்காது,” என்றேன். வலிக்கவும் இல்லை.

மயக்கும் முன்பே, தெம்புக்கு என்று சொல்லிச் சாயத்தை ஏற்றி ரத்தமும் எடுத்திருந்தேன். பல் சுலபமாக வந்துவிட்டது. அப்போதே ஈதரை நிறுத்தியிருக்கலாம்தான். ஆனால் மயக்கத்தில் ஓர் அளவு எடுக்காவிட்டால் முதலில் எடுத்தது வீண். மறுபடி சாயம் ஏற்றி எடுத்தேன், குறைந்திருந்தது. மயக்கம் ஆழமானால் இன்னும் குறையுமா என்று வரதன் கேட்பாரே என்று தோன்றியது. ஈதரை மேலும் ஊற்றி, இன்னொரு முறை சாயமும் ஏற்றினேன்.

மூச்சு நின்றது. நாய்களுக்கு இப்படி ஆனால் விலாவை அழுத்தி மீட்டுவிடுவேன். எனக்கு அது கைவந்த வேலை. ஆனால் அழுத்தினால் ரத்த ஓட்டம் கலைந்து கடைசி அளவு கெட்டுவிடும். அதனால் முதலில் ரத்தத்தை எடுத்தேன். நிதானமாகத்தான் எடுத்தேன். பிறகு அழுத்துவதற்கு அவசியம் இருக்கவில்லை.

அவன் மனைவி ரஹீமுன்னிசா அழவில்லை, உடம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா சார், எங்க ஆளு ஒடம்பு நீலமா கீது?”

பலவீனமான இதயம் என்றேன். நம்பிவிட்டாள் என்று நினைத்தேன். நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறாள்.

பிரேதப் பரிசோதனையில் தெரிந்ததை நேற்று நீங்கள் சொன்னபோதுதான் எனக்கு வருத்தம் வந்தது. பல வருஷத்து மலேரியாவாம். மண்ணீரல் பூசணிக்காய் போல வீங்கிக் கிடந்ததாம். நாயுடையதைப் போல அதுவும் ரத்தத்தைத் தேக்கும்; அப்படிப்பட்ட உடம்பில் எடுத்த அளவு எதற்கும் உதவாது. வரதன் மறுபடி சிரிப்பார்.

பக்ருதீனைக் கொன்றது நான்தான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அடிக்கடி குளிர்காய்ச்சல் வருகிறது என்று அவன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லியிருந்தால் பல்லை மட்டும் பிடுங்கி அனுப்பிவிட்டு, நல்ல மண்ணீரல் உள்ள வேறு ஆளாகப் பார்த்திருப்பேன்.