டாக்டர் கமலம் ஆஸ்பத்திரியில் நடந்த பிரசவ மரணங்கள் பற்றி அவர் தங்கை சொன்னது

பெயர் விருத்தாம்பாள். தகப்பனார் காலஞ்சென்ற தங்கதுரை. வயது முப்பத்தெட்டு. மணமாகாதவள். சொந்த ஊர் விருத்தாசலம், தென்கோட்டை வீதி. தற்சமயம் சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரியில் கிருமியியல் ஆராய்ச்சி செய்துவருகிறேன். பிரசவ ஆஸ்பத்திரி ஆயா காசியம்மாள் மீதுள்ள வழக்கு சம்பந்தமாக, விருத்தாசலம் சப்-மாஜிஸ்திரேட் அவர்கள் முன்னிலையில், 1972ஆம் வருடம் ஆகஸ்டு மாதம், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நானே வந்து சொல்வதாவது:

எங்கள் தாயார் கடைசிப் பிரசவத்துக்குப் பிறகு காய்ச்சல் கண்டு இறந்துபோனார். அப்போது நான் சிறுமி. என் அக்கா கமலம் டாக்டருக்குப் படித்து, இதே ஊரில் செராமிக் எஸ்டேட்டுக்குப் பக்கத்தில் பிரசவ ஆஸ்பத்திரி வைத்தார். எனக்கு நோயாளிகளைப் பார்க்கும் தைரியம் இல்லாததால் கிருமிகளைப் படிக்கப் போனேன். 1961 முதல் ஒரே கிருமியைத்தான் ஆராய்ந்துவருகிறேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கோத்த மணிபோல் தெரியும். நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்கள் தொண்டையில் அது எந்தத் தொந்தரவும் தராமல் இருக்கும். அதே கிருமி, பிள்ளை பெற்றவளின் ரணத்தில் இறங்கினால் சில நாளில் ஆளைக் கொன்றுவிடும். ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் கிருமிகளை விழுங்கிவிடக் கூடியவை. இந்தக் கிருமியின் மேல்தோலில் உள்ள ஒரு பொருள், அப்படி விழுங்கவிடாமல் அதைக் காப்பாற்றுகிறது. அந்தப் பொருளை வைத்துக் கிருமியைப் பல வகையாகப் பிரிக்கலாம். வகை பிரிப்பதற்கான சீரத்தை, அதாவது ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் தெளிநீரை, முயல்களைக் கொண்டு நானே தயாரித்து வைத்திருந்தேன்.

சென்ற மே மாதம் பெண்ணாடத்திலிருந்து வந்து அக்காவிடம் பிரசவம் பார்த்துக்கொண்ட ஆராயி என்பவர் காய்ச்சலில் இறந்தார். அதன் பிறகு ஜூலையில், பீங்கான் கம்பெனியில் சூளை வேலை பார்க்கும் பாவாடை என்பவரின் மனைவி அம்புஜவல்லிக்கு ஆண் குழந்தை பிறந்து, மறுநாளே காய்ச்சல் கண்டது. அக்கா எனக்கு டிரங்கால் போட்டு, "இன்னொருத்திக்கும் வந்துடுச்சு. எங்க இருந்து வருதுன்னு நீ வந்து பாரு" என்றார். அன்றைய ரயிலிலேயே வந்தேன்.

அம்புஜவல்லியின் ரணத்திலிருந்து பஞ்சுக் குச்சியில் மாதிரி எடுத்தேன். அவர் நினைவோடுதான் இருந்தார். குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா என்று என்னிடம் கேட்டார். அதன் பிறகு ஆயா காசியம்மாள், நர்ஸ், கம்பவுண்டர் ஆகியோரின் தொண்டை, மூக்கு, கைகளில் மாதிரி எடுத்தேன். கடைசியாக அக்காவைக் கூப்பிட்டேன். "என்னையுமா?" என்று சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தார். எல்லாவற்றையும் ஐஸ் வைத்த பிளாஸ்க்கில் போட்டுச் சென்னைக்கு எடுத்துப்போனேன்.

ஆட்டு ரத்தம் கலந்த சிவப்புக் கூழ்த் தட்டுகளில் அவற்றை வளரவிட்டேன். இந்தக் கிருமி வளர்ந்த இடத்தைச் சுற்றி ரத்தம் கரைந்து, தட்டு கண்ணாடிபோல் வெளுத்துவிடும். காசியம்மாளின் தட்டுகள் ஒன்றிலும் அப்படி வெளுக்கவில்லை. நர்ஸ், கம்பவுண்டர் தட்டுகளிலும் இல்லை. அம்புஜவல்லியின் தட்டு வெளுத்திருந்தது. அக்காவின் தொண்டை மாதிரி வைத்த தட்டும் வெளுத்திருந்தது. சீரம் விட்டு வகை பார்த்தேன். இரண்டும் ஒரே வகை. எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் அபூர்வமாகவே கிடைக்கும் வகை. தட்டுகளை மாற்றி வைத்துவிட்டேனோ என்று சந்தேகப்பட்டு முதலிலிருந்து மறுபடி செய்தேன். அதுவேதான் வந்தது.

இதற்குள், அக்கா பெனிசிலின் ஊசி போட்டும் காய்ச்சல் இறங்காமல் அம்புஜவல்லி இறந்துபோனார். அவர் மாமியார் பெரியம்மாள், ஆயா காசியம்மாள் தரை கூட்டிய கையோடு வந்து பிரசவத்துக்குத் துணி எடுத்துக் கொடுத்ததாகப் போலீசில் புகார் கொடுத்ததாகவும், அதற்கு முன் சிலர் காசியம்மாளைத் தெருவில் இழுத்துப்போட்டு அடித்ததாகவும், அவர் கிளைச் சிறையில் இருப்பதாகவும் ஊருக்குத் திரும்பி வந்த பிறகு தெரிந்துகொண்டேன். சிறையில் போய்ப் பார்த்தபோது காசியம்மாள், "நான் சோப்பு போட்டு கழுவிட்டுதாம்மா தொட்டேன். சொன்னா யாரு கேக்கறாங்க" என்றார். முன்பல் உடைந்திருந்தது.

அதன் பிறகு அக்காவிடம் போய் விவரத்தைச் சொன்னேன். "என் கையிலயா?" என்று கேட்டார். கையில் இல்லை, தொண்டையில் என்றேன். பிரசவம் பார்க்கும்போது அக்கா முகத்துணியைத் தாடைக்குக் கீழே இழுத்து விட்டுக்கொள்வார். துணி கட்டியிருந்தால் வலியில் இருப்பவளுக்குத் தன் பேச்சு காதில் விழாது என்பார். குழந்தை வெளியே வரும்வரை பேச்சை நிறுத்தமாட்டார். அந்தப் பேச்சோடுதான் கிருமி போயிருக்க வேண்டும் என்று சொன்னேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

 அக்கா, "இத வெளிய சொன்னா ஆஸ்பத்திரிய மூடணும். இங்க வேற பொம்பள டாக்டர் யாரு இருக்கா? வலி எடுத்து வர்றவ எங்க போவா?" என்று கேட்டார். பெனிசிலின் போட்டுக்கொண்டால் தொண்டை சுத்தமாகிவிடும், யாருக்கும் தெரிய வேண்டாம் என்றும் சொன்னார். "காசியம்மா உள்ள இருக்கா அக்கா" என்றேன். "அது எனக்குத் தெரியாதா?" என்று கோபித்துக்கொண்டார். அன்று நாங்கள் இருவரும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில், மங்கலம்பேட்டையிலிருந்து நிறைமாதமாக ஒரு பெண்ணை மாட்டு வண்டியில் கூட்டிவந்தார்கள். வலி எடுத்துவிட்டது. அந்தப் பெண் அக்காவைப் பார்த்ததும் கையை நீட்டினார். அக்கா ஓர் அடி எடுத்து வைத்தார். பிறகு நின்று, புடவைத் தலைப்பை மடித்து வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் வந்துவிட்டார். அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. டாக்சி பிடித்து, நர்சைத் துணைக்கு ஏற்றி, அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்படி என்னிடம் ஜாடை காட்டினார். டாக்சி போன பிறகு ஆஸ்பத்திரிக் கதவைச் சாத்திப் பூட்டினார். சாவியை என்னிடம் கொடுத்து, "கோர்ட்டுக்குப் போலாம். அதுக்கு முன்னாடி பாவாடை வூட்டுக்குப் போவணும்" என்றார்.

அதன்படி இன்று காலை பாவாடை வீட்டுக்குப் போனோம். அவர் வேலைக்குப் போகவில்லை. பெரியம்மாள் குழந்தையை மடியில் போட்டுச் சங்கில் பால் புகட்டிக்கொண்டிருந்தார். அக்கா வாசலுக்கு வெளியே தள்ளி நின்று, வாயில் துணி கட்டியபடியே, நடந்தது முழுவதையும் சொன்னார். துணி இருந்ததால் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. பெரியம்மாள் அக்காவை ஏசினார். காசியம்மாள் பேச்சு வந்ததும் நிறுத்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாவாடை ஏசவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்: "டாக்டரம்மா பக்கத்துலயே பேசிக்கிட்டு இருந்தாங்க, அதனால எனக்கு பயமே இல்லன்னு எங்கிட்ட சொன்னா அவ."

அங்கிருந்து நேராகக் கோர்ட்டுக்கு வந்தோம்.

ஆராயியிடமிருந்து மாதிரி எதுவும் எடுக்கப்படவில்லையாதலால் அவர் மரணம் பற்றி நான் உறுதியாகச் சொல்ல முடியாது. அம்புஜவல்லியின் மரணத்துக்குக் காசியம்மாள் எவ்வகையிலும் காரணமல்ல என்பதை உறுதியாகச் சொல்கிறேன். தட்டுகளைக் கோர்ட்டில் ஒப்படைத்திருக்கிறேன். அக்காவுக்குத் தன் தொண்டையில் கிருமி இருப்பது நான் சொல்லும்வரை தெரியாது. அவர் இப்போது கோர்ட் வராந்தாவில் இருக்கிறார். எனக்கு அடுத்து அவரும் வாக்குமூலம் கொடுப்பார்.

நான் சொன்னபடி எழுதி எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. கேட்டேன். கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை. எல்லாம் நிஜம்.

(ஒப்பம்) த. விருத்தாம்பாள்