எங்கள் ஆள் ஜெயித்த வருஷம்

மொழிபெயர்க்கப் பிரெஞ்சு தெரிந்த ஒருவரை அனுப்பச் சொல்லித்தான் கேட்டிருந்தேன். காவல் நிலையத்தில் இருந்தவர் என் முகத்தை ஒருமுறை பார்த்தார், சரி என்றார், மறுநாள் உங்களை அழைத்து வந்துவிட்டார். பரவாயில்லை, வரதராஜா சார். நீங்கள் யாழ்ப்பாணம், நான் புதுச்சேரி. ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியும். "ஓம், ஆறுதலாச் சொல்லுங்கோ, நான் எழுதிக்கொண்டு வாறன்" என்கிறீர்கள். ஆறுதலாகவே சொல்கிறேன். பதறிப்போய்ச் சொல்ல இதில் ஒன்றும் இல்லை.

என் மனைவி கிரிஜா கொடுத்த புகார் உண்மை. அவளுக்குப் பொய் சொல்லும் பழக்கம் கிடையாது. சைக்கிள் பந்தயத்தின்போது தவோங்கா கணவாயில் அவள் தம்பி பாஸ்கர் இறந்ததற்கு நான்தான் காரணம். ஆனால் நான் பொறாமையில் செய்தேன் என்று அவள் எழுதிக் கொடுத்திருக்கிறாளாம். அது தப்பு. அவனைப் பார்த்து எனக்கு என்ன பொறாமை? சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்ததே நான். இந்தப் பொறாமை என்ற வார்த்தையை எடுக்க வைப்பதற்காகத்தான் நான் பேசவே சம்மதித்தேன்.

என் பெயர் கல்யாணசுந்தரம். நான் பிரெஞ்சுக்காரன். சிரிக்காதீர்கள் சார், காகிதம் இருக்கிறது. என் அப்பா பிரான்சுப் பட்டாளத்தில் இருந்தவர்; எங்கள் ஊரில் சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு என்றால் தெரியும். அறுபத்திரண்டில் இந்தியாவா பிரான்சா என்று கேட்டு ஆறு மாதம் தவணை கொடுத்தார்கள். நான் முதல் வாரமே போய்க் கையெழுத்துப் போட்டேன். பக்கத்து வீட்டில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் மாமனாரும் போட்டார், என் வற்புறுத்தலால்தான். அப்போது பாஸ்கருக்குப் பதினான்கு வயது. அப்பாவோடு சேர்ந்து அவனும் பிரெஞ்சுக்காரன் ஆனான்.

பிறகு பசிபிக்கில் பிரான்சுக்குச் சொந்தமான தீவில், நூமேயாவில், ராணுவப் பட்டறையில் ஏழு வருஷம் வேலை. அங்கிருந்து சிட்னி. செவன் ஹில்ஸில் ஒரு தொழிற்சாலையில் எனக்கும் பாஸ்கருக்கும் வேலை கிடைத்தது. குவேக்கர்ஸ் ஹில்லில் வீடு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நகரத்துக்குப் போய்விடுவேன். அங்கே பிரெஞ்சுக்காரர்கள் ஒரு சைக்கிள் சங்கம் வைத்திருந்தார்கள். தலைவர் மொன்சியே தெலோர்ம், ரொட்டிக்கடைக்காரர். வீரர்களின் சைக்கிள்களை நான் பார்த்துக்கொண்டேன். மொன்சியே தெலோர்ம் என்னைத் தோளில் தட்டி, "நீ இல்லாவிட்டால் எங்கள் சக்கரம் சுற்றாது" என்பார். அப்படி ஒருவர் சொல்லிக் கேட்பதற்காக நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்பது உங்களுக்குப் புரியாது.

அந்தச் சங்கத்தின் கவலையை முதலில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பிரான்சைச் சுற்றி நடக்கும் அந்தப் பெரிய பந்தயத்தைப் பிரெஞ்சுக்காரன் ஒருவன் ஜெயித்துப் பல வருஷம் ஆகியிருந்தது. பெல்ஜியத்துக்காரன் ஒருவன் ஏறக்குறைய குத்தகைக்கே எடுத்துவிட்டான். ஒவ்வொரு ஜூலையிலும் கிழவர்கள் ரேடியோவைச் சுற்றி உட்கார்வார்கள், இந்த வருஷம் நம் ஆள் என்பார்கள், மூன்றாவது வாரம் மலை வந்ததும் வாயை மூடிக்கொள்வார்கள். சொந்த வீட்டுக் கல்யாணத்தில் அடுத்தவன் பந்தியில் முதலில் உட்கார்ந்தால் எப்படியிருக்கும், அப்படி. எழுபத்து மூன்றில் ஒரு ஸ்பெயின்காரன் ஜெயித்தான். அவன் சின்ன வயதிலேயே பிரான்சுக்கு வந்து அங்கேயே வளர்ந்தவன். நான் உற்சாகமாக, "நம் ஊரில் வளர்ந்தவன்தானே, நாம் ஜெயித்த மாதிரிதான்" என்றேன். கிழவர்கள் ரேடியோவின் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மொன்சியே தெலோர்ம் மட்டும் பொறுமையாக, "அது அதே மாதிரி ஆகாது, நண்பரே" என்றார். அன்றைக்கு எனக்கு ஒரு விஷயம் தெளிவாயிற்று. நான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வருஷம்தான் பசிபிக்கில் பிரான்சு அணுகுண்டு வெடித்ததற்கு இங்கே எல்லோருக்கும் கோபம். தபால்காரர்கள் பிரான்சுக்குப் போகும் கடிதத்தைத் தொட மாட்டோம் என்றார்கள். சங்கத்தின் கதவில் அழுகிய முட்டை. கடையில் பிரெஞ்சு பேசினால் முறைத்தார்கள். என்னை யாரும் முறைக்கவில்லை. அதுவே எனக்கு அவமானமாக இருந்தது. நானும் முறைக்கப்பட வேண்டியவன்தானே.

ஆகவே எழுபத்து நான்கு அக்டோபர் பந்தயம் எங்களுக்கு உயிர். சிட்னியிலிருந்து மெல்போர்ன் வரை எட்டு நாள். ஒவ்வொரு நாள் ஓட்டத்துக்கும் ஆன நேரத்தைக் கூட்டிப் பார்த்து, யாருக்குக் குறைவோ அவனே வெற்றி. பதினோரு வருஷத்தில் டச்சுக்காரன் ஜெயித்திருக்கிறான், இத்தாலிக்காரன் ஜெயித்திருக்கிறான், இந்த ஊர்க்காரர்கள் பலர் ஜெயித்திருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரன் ஒருவனும் இல்லை. எங்கள் நம்பிக்கை லூசியன். பிரான்சின் பிரித்தானிப் பக்கத்துப் பையன், இருபத்து நான்கு வயது, நல்ல காலும் நல்ல முகமும். அணியில் ஆள் குறைந்ததால் பாஸ்கரையும் சேர்த்தார்கள். முன்னால் ஓட்டி லூசியனுக்குக் காற்று மறைப்பது, தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பது, அவன் சக்கரம் பஞ்சரானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பது. இதுதான் பாஸ்கரின் வேலை. அவன் அதைச் சந்தோஷமாகத்தான் ஒப்புக்கொண்டான்.

முதல் நாள் ஹெலன்ஸ்பர்க் தாண்டி கடற்கரைச் சாலையில் இறங்கும்போதே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. பாஸ்கர் மிதிப்பதில் சிரமமே தெரியவில்லை. நான்காம் நாள் மலை ஏற்றத்தில் லூசியனுக்குக் காற்று மறைத்துக்கொண்டே போனவன், திரும்பிப் பார்த்தால் பின்னால் யாரும் இல்லை. அவன் வேண்டுமென்று செய்யவில்லை. அதுதான் இன்னும் மோசம். ஐந்தாம் நாள் முடிவில் பாஸ்கர் முதலிடம், லூசியன் ஒரு நிமிஷம் நாற்பது விநாடி பின்னால் இரண்டாமிடம்.

சங்கத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். எடுத்தவர் கேட்ட முதல் கேள்வி, "லூசியன் எங்கே?" என்பதுதான். பாஸ்கர் முதலிடம் என்று இரண்டு தடவை சொன்னேன். "ஆமாம், ஆமாம், நல்லது. லூசியன் எத்தனை பின்னால்?" என்றார். அணியோடு வந்திருந்த மொன்சியே தெலோர்ம் அன்று மாலை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்; என்னிடம் எதையும் செய்யச் சொல்லவில்லை. அவர் நாகரிகமான மனிதர். "உன் மைத்துனன் அருமையான பையன்" என்றார். எழுந்து போகும்போது, "லூசியனாக இருந்திருந்தால் அங்கே கிழவர்கள் அழுதிருப்பார்கள்" என்றார். அவ்வளவுதான். அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் பாஸ்கரிடம் நயமாகவே பேசிப் பார்த்தேன். நாளை மறுநாள் மலையில் கொஞ்சம் விட்டுக்கொடு, லூசியன் முன்னால் போகட்டும் என்றேன். அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"ஏன் மாமா?"

"அவங்க ரொம்ப வருஷமா காத்துக்கிட்டு இருக்காங்கடா. ஒரு பிரெஞ்சுக்காரன் ஜெயிக்கணும்னு."

"அப்ப நான் யாரு?" அவன் கோபப்படவில்லை, உண்மையிலேயே கேட்டான். "நீங்கதானே மாமா எங்கப்பாவக் கூட்டிட்டுப் போயி கையெழுத்துப் போட வெச்சீங்க? நான் ஜெயிச்சா அவங்க ஜெயிச்ச மாதிரிதானே?"

எனக்குச் சிரிப்பு வந்தது, பாவமாகவும் இருந்தது. காகிதம் வேறு, இது வேறு என்று அவனுக்கு எப்படிப் புரியவைப்பது? பன்னிரண்டு வருஷம் முயன்று நான் சம்பாதித்த ஓர் இடத்தை, நானும் பிரெஞ்சுக்காரன்தான் என்று அவன் ஊரறியச் சொல்லிக் கெடுத்துவிடுவான். மெல்போர்னில் மேடை ஏறி அவன் மூவர்ணக் கொடியைப் போர்த்திக்கொண்டால் கிழவர்கள் கைதட்டுவார்கள், மரியாதைக்கு. பிறகு எங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வருஷம் அவர்களுக்கு ஞாபகம் வரும். சரி, போய்த் தூங்கு என்றேன்.

அடுத்த நாள் ஓய்வு. ஆயுத பூஜையும் அன்றைக்குத்தான். கிரிஜா மறக்காமல் சந்தனமும் குங்குமமும் ஒரு டப்பாவில் கொடுத்து அனுப்பியிருந்தாள். மாலை வெளிச்சம் இருக்கும்போதே விடுதியின் பின்பக்கம் சைக்கிள்களை வரிசையாக நிறுத்தி வேலையைத் தொடங்கினேன். பந்தயச் சைக்கிளின் டயர் நாம் வீட்டில் ஓட்டுவது போல இல்லை சார். டியூபும் டயரும் ஒன்றாகத் தைத்திருக்கும்; சக்கர வளையத்தில் பசை தடவி ஒட்ட வேண்டும். பசை இல்லாவிட்டாலும் காற்றின் இறுக்கத்தில் உட்கார்ந்திருக்கும். நேர்ச் சாலையில் ஒன்றும் ஆகாது, ஏற்றத்திலும் ஆகாது. இறக்கத்தில் வேகமாக வளைத்தால்தான் கழன்று வரும்.

பாஸ்கரின் முன்சக்கரத்துக்குப் பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, புது டயரைப் பசை இல்லாமல் மாட்டினேன்.

பின்சக்கரத்தில் செய்திருக்கலாமே என்பீர்கள். யோசித்தேன். பின்சக்கரத்து டயர் கழன்றால் சறுக்கி நிறுத்திக்கொள்வான், அரை நிமிஷம் போகும், மீண்டும் பிடித்துவிடுவான். பாஸ்கரை எனக்குத் தெரியும்.

ஒரே ஒரு சிக்கல். எல்லா வீரர்களையும் போல அவனும் கிளம்புமுன் கட்டைவிரலால் டயரைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்ப்பான். ஆகவே பூஜை போட்டேன். அவன் சைக்கிளுக்கு மட்டும் முன்டயரும் வளையமும் சேரும் இடத்தில் நான்கு பக்கமும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தேன். எலுமிச்சம்பழம்கூட வைத்தேன். மறுநாள் காலையில் அவன் வந்து பார்த்துவிட்டு, "அக்கா குடுத்துவிட்டதா மாமா?" என்று கேட்டான். முகமெல்லாம் சிரிப்பு. டயரைத் தள்ளிப் பார்க்கவில்லை. குங்குமம் கலையாமல் விரல் நுனியால் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறிப் போனான்.

தவோங்கா கணவாயின் உச்சியை அவன் தனியாகக் கடந்தான். முதலிடத்தில் இருப்பவன் பின்னால் அணியின் கார் போக வேண்டும் என்பது விதி. நான் ஓட்டினேன், தனியாகத்தான். மேலே மூடுபனி. இறக்கத்தில் ஐந்தாவது வளைவோ ஆறாவதோ, சரியாக நினைவில்லை. சத்தம் அதிகம் இல்லை. காரை நிறுத்திவிட்டு இறங்கினேன். சைக்கிள் சாலை ஓரத்தில் கிடந்தது. அவன் கீழே, இரண்டு ஆள் ஆழத்தில், பெரணிச் செடிகளுக்கு நடுவில். கண் திறந்திருந்தது. "மாமா" என்றான். வலிக்கிறது என்றோ தூக்குங்கள் என்றோ சொல்லவில்லை. நான் வந்துவிட்டேன், இனிக் கவலை இல்லை என்பது போலத்தான் சொன்னான்.

சைக்கிளை எடுத்துக் காரில் வைத்தேன். அப்போது பின்னாலிருந்த கூட்டம் பனியிலிருந்து இறங்கி வந்தது. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. லூசியன் கையைத் தூக்கி, பஞ்சர், சக்கரம் வேண்டும் என்று கத்திக்கொண்டே போனான். அவனுடைய சக்கரங்கள் என் காரில்தான் இருந்தன. கழற்றிக் கொடுக்க வேண்டியவனோ கீழே கிடக்கிறான். யோசிப்பதற்கு என்ன இருக்கிறது? நான் வண்டியை எடுத்தேன். பதினெட்டு விநாடியில் சக்கரத்தை மாற்றினேன், அதைவிட வேகமாக நான் மாற்றியதே இல்லை. அடிவாரம் வரைக்கும் அவன் பின்னாலேயே போனேன். லூசியன் முடிவுக் கோட்டைத் தாண்டி, அவன் பெயரை அறிவித்த பிறகுதான் அதிகாரிகளிடம் பாஸ்கர் விழுந்திருக்கிறான் என்றேன். முக்கால் மணி ஆகியிருக்கும். இருபது நிமிஷம் முன்னால் தெரிந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். அவர் எழுதியதை நான் மறுக்கவில்லை.

கிரிஜா கண்டுபிடித்ததற்குக் காரணம் என் கஞ்சத்தனம். சக்கரம் நல்ல சக்கரம், தூக்கிப்போட மனம் வரவில்லை. கராஜில் மாட்டி வைத்திருந்தேன், தொங்கிக்கொண்டிருந்த டயரோடு. இத்தனை வருஷம் என் சட்டையில் பசை துவைத்தவள் அவள். டயரின் உள்பக்கம் பசையே படாமல் வெள்ளைவெளேரென்று இருந்ததையும், வளையத்தின் ஓரத்தில் காய்ந்த சந்தனத்தையும் பார்த்திருக்கிறாள்.  "நான் கடைக்குப் போய்ட்டு வர்றேன்" என்று கிளம்பியவள் நேராகக் காவல் நிலையத்துக்கு வந்துவிட்டாள்.

ஆம், நான்தான் கொன்றேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பொறாமை என்ற வார்த்தையை அடித்துவிடுங்கள். லூசியன் மெல்போர்னில் ஜெயித்தான். கிழவர்கள் அழுதார்கள், மொன்சியே தெலோர்ம் உட்பட. பதினோரு வருஷம் காத்திருந்தவர்கள் சார், அந்த முகங்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சங்கத்தின் சுவரில் அன்று எடுத்த பெரிய புகைப்படம் இருக்கிறது. கோப்பையும் கொடியுமாக முப்பது பேருக்கு மேல், நாங்கள் எல்லோரும் நிற்கிறோம். அதில் என்னைத் தேடாதீர்கள். எங்கள் ஆட்கள் ஒருவர் விடாமல் படத்தில் இருக்க வேண்டுமே என்று மொன்சியே தெலோர்ம் காமிராவை என்னிடம்தான் கொடுத்தார்.