ஷர்ஷென் உஸ்தா கழற்றிய கடைசி போல்ட்

மேடையில் வீற்றிருக்கும் பட்டறைச் சங்கத் தலைவர் உசோன்பெக் அவர்களே! துஆ ஓதி முடித்த மோல்தோ அவர்களே! கணவனைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் தங்கை சைராகுல்! கணவாய்க்கு அப்பால் நாரினிலிருந்து வந்த சொந்தங்களே! கையில் கிரீஸ் போகாத பாலிக்சி பட்டறைத் தெரு மக்களே! எல்லோருக்கும் என் சலாம்.

நம் தெருவின் தலைமை மெக்கானிக் ஷர்ஷென் உஸ்தாவை நேற்று அடக்கம் செய்தோம். இருபத்தாறு வருஷம் அவர் கழற்றிய பாகங்களை நான் மண்ணெண்ணெயில் கழுவியிருக்கிறேன். அதில் நான்கு வருஷம் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு பிஸ்டனை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, எல்லார் முன்னாலும், "அக்கா, இதக் கழுவுனியா, நக்குனியா?" என்று கேட்டார். பனி உருகுகிற மாதம், செவ்வாய்க்கிழமை. சிரித்தவர்கள் பேரும் எனக்குத் தெரியும். இன்றும் மன்னிக்கவில்லை. ஆனால் பிஸ்டன் அழுக்காகத்தான் இருந்தது! பொய்யாக ஒரு ஏச்சுக்கூட ஏசாத மனிதர், ஷர்ஷென் உஸ்தா!

கழலாத பாகம் என்றால் இந்தத் தெரு யாரைக் கூப்பிட்டது? யாரை? உஸ்தாவைத்தான்! சுத்தியலை ஓங்குகிறவனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். "அடிக்காதடா மாடு. அது ஏன் வரமாட்டேங்குதுன்னு மொதல்ல பாரு." பார்த்தார். கடைசிவரை அதைத்தான் பார்த்தார்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. நாரின்காரர்களுக்காகச் சொல்கிறேன். போல்ட்டை முறுக்கி மூடியவன் அதன் தலையில் தன் நிறத்தில் ஒரு பொட்டு பெயின்ட் வைப்பான். உஸ்தாவுக்கு மஞ்சள். தலைவருக்கு நீலம். திறந்தேன், பார்த்தேன், மூடினேன், கேள்வி வந்தால் என்னிடம் வா என்று அதற்கு அர்த்தம்.

போன வாரம் நாரினுக்கு ஓடுகிற வேன் ஒன்று பட்டறைக்கு வந்தது. டைமிங் பெல்ட்டைப் பார்க்க வேண்டும். அதன் மூடியைத் திறக்க முதலில் கிராங்க் போல்ட் கழல வேண்டும். போல்ட் தலையில் நீலம். போன வசந்தத்தில் நாரின் வேன்கள் நான்குக்கும் தலைவரே பெல்ட் மாற்றினார் என்று இதே மண்டபத்தில் கை தட்டினோமே, நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது.

ஒரு வருஷத்துக்கு முன் பூட்டிய போல்ட் ஒரு முனகலோடு வந்துவிடும். இது வரவில்லை. முதல் நாள் எண்ணெய் விட்டார். வரவில்லை. இரண்டாம் நாள் நெருப்பு காட்டினார். வரவில்லை. மூன்றாம் நாள் ஸ்பானர் பிடியில் ஆளுயரக் குழாய் மாட்டினார். இரண்டு தடியர்கள் அதில் தொங்கினார்கள். வரவில்லை! அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, ஒன் கண்ணு இன்னும் வேலை செய்யுதா?"

"ஒன் கண்ணவிட நல்லாத்தான் செய்யுது."

"அப்ப அந்தக் கருகின நீலத்தச் சொரண்டிப் பாரு. கீழ என்ன இருக்கு?"

"துரு இருக்கு தம்பி. பழைய துரு. பெயின்ட்டுக்கு அடியில ஒரு கீறல்கூட இல்ல."

உஸ்தா குழாயை மறுபடி கையில் பிடித்தார். "நமக்கு முன்னாடி இதுல ஸ்பானரே பட்டதில்லக்கா. தொறக்காமலே பொட்டு வச்சிருக்கான்" என்றார்.

சொல்லிவிட்டு முழு உடம்பையும் போட்டு இழுத்தார். துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். போல்ட் கழன்றது. குழாய் நழுவி உஸ்தாவின் நெஞ்சில் அடித்தது. உட்கார்ந்துவிட்டார். ஆனாலும் எழுந்தார். மூடியைத் திறந்து பெல்ட்டை எடுத்து என் கையில் வைத்தார். வளைத்தேன். பற்கள் உதிர்ந்தன. வண்டியோடு வந்த பெல்ட், சொந்தங்களே! ஒருநாளும் மாற்றாத பெல்ட்! கணவாய் இறக்கத்தில் அது அறுந்தால் என்ஜின் நின்றுவிடும். என்ஜின் நின்றால் பிரேக் கல்லாகும், ஸ்டியரிங் கல்லாகும். மிச்சத்தை நான் சொல்ல வேண்டுமா?

அன்று மாலை உஸ்தாவுக்கு மூச்சு வாங்கியது. "இன்னும் மூணு நீலம் ஓடுதுக்கா. நிறுத்தச் சொல்லு" என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

நேராகத் தலைவரின் அறைக்குப் போனேன். தலைவர் அவர்களே, நீங்கள் சொன்னதைச் சொல்லட்டுமா?

"நிறுத்தியாச்சுக்கா. நீ போயி மனுசனப் பாரு. பெல்ட் எங்கயும் ஓடிப்போயிடாது."

நம்பினேன். இருபது வருஷத்துக் கோபங்களை வரிசையாக வைத்திருக்கிறவள் நான். அன்றைக்குப் போய் நம்பினேன்!

கொஞ்சம் காது கொடுங்கள். வெளியே முற்றத்தில் என்ஜின் ஓடுகிறதே, கேட்கிறதா? உங்களை நாரினுக்கு ஏற்றிப்போக இரண்டு வேன்கள் சூடாகிக்கொண்டிருக்கின்றன. உள்ளே வருமுன் கைவிளக்கோடு குனிந்து பார்த்தேன். இரண்டிலும் அதே பழைய நீலம், கலையாமல். மூன்றாவது வேன் காலையிலேயே பதினான்கு பேரோடு கணவாய்க்குப் புறப்பட்டுவிட்டதாம். ஓட்டுநர் கெங்கேஷ் போனை எடுக்கவில்லை. நான்கு தடவை அடித்துவிட்டேன்.

தலைவர் அவர்களே! நான் கிழவி, எழுத்து தெரியாதவள், என் பேச்சு தப்பாக இருக்கலாம். வாருங்கள். வெளியே நிற்கிற வேனின் முன்சீட்டில் நீங்கள் உட்காருங்கள். பின்சீட்டில் நான் உட்காருகிறேன். கணவாயைத் தாண்டி இறங்குவோம். இறங்கிவிட்டால் எல்லார் முன்னாலும் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நான் இதுவரை யாரிடமும் கேட்டதில்லை. எழுந்திருங்கள்.

எழுந்திருங்கள், உசோன்பெக்.

சொந்தங்களே, பார்த்துக்கொள்ளுங்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

ஓட்டுநர்களே, போய் என்ஜினை அணையுங்கள். இங்கே எவன் கார் வேகமாகப் போகும்? அவன் இப்போதே கெங்கேஷ் பின்னால் போகட்டும். கடைசி துஆவுக்கு நிற்க வேண்டாம், உஸ்தா தப்பாக நினைக்கமாட்டார். பட்டறைக்காரர்களே, வெளியே இரண்டு போல்ட் இருக்கிறது. உஸ்தா விட்ட இடத்திலிருந்து நாம் பிடிப்போம். எண்ணெய் விடுவோம், நெருப்பு காட்டுவோம், குழாய் மாட்டுவோம். அந்த இரண்டும் கழலும்வரை இந்தத் தெருவில் வேறு வண்டிக்கு மூடி திறக்கமாட்டோம். இது ஷர்ஷென் உஸ்தாவின் பேரில் நாம் கொடுக்கிற வாக்கு.

மற்றவர்கள் உட்காருங்கள். இன்று யாரும் கணவாய் ஏற வேண்டாம்.

யாருடைய போன் அடித்தாலும் வெளியே எடுத்துக்கொண்டு போகாதீர்கள். இங்கேயே, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேசுங்கள்.