முழங்கைக்கு என்ன சொல், டீச்சர்?

இந்த நல்லிணக்கக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் நம் வட்டத்து மாமன்ற உறுப்பினர் ம்பொங்கேனி அவர்களே! அமைச்சரின் கண்ணாகவும் காதாகவும் வந்திருக்கும், வாயாக வரவில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்ட அதிகாரி அவர்களே! காவல் நிலையப் பொறுப்பாளர் அவர்களே! வியாழக்கிழமை ஜெபக்கூட்ட நாள் என்பதால் செஞ்சட்டையும் வெள்ளைக் காலருமாக முன்வரிசையை நிறைத்திருக்கும் தேவாலயத் தாய்மார்களே! பின்வரிசையில் தொப்பியை மூக்குவரை இறக்கிவிட்டு அமர்ந்திருக்கும் தம்பிமார்களே! உங்கள் அனைவருக்கும், ஓய்வுபெற்ற ஜூலு மொழி ஆசிரியையும் தெருக் குழுவின் செயலாளருமான நொக்வாசி மஜோலாவின் வணக்கம்.

நிகழ்ச்சி நிரலில் என் பெயருக்கு நேரே 'நன்றியுரை, ஐந்து நிமிடம்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஆகவே நன்றி சொல்கிறேன்.

முதல் நன்றி அமைச்சருக்கு. ஞாயிற்றுக்கிழமை நம் ஊரில் இருபத்து மூன்று கடைகள் எரிந்தன. திங்கட்கிழமை காலையிலேயே அவர் அறிக்கை வந்துவிட்டது. அந்நியர் மீதான வெறுப்பு என்பது நம் நாட்டில் கிடையாது, நடந்தது வெறும் குற்றச்செயல் என்றார். எரிந்த இருபத்து மூன்றும் மலாவிக்காரர், மொசாம்பிக்காரர், சோமாலியர், எத்தியோப்பியர் கடைகள். நடுநடுவே இருந்த நம்மவர் கடைகளில் ஒரு பெயர்ப்பலகைகூடக் கருகவில்லை. இவ்வளவு கவனமாக முகவரி பார்த்துக் குற்றம் செய்யும் குற்றவாளிகள் வேறு எந்த நாட்டுக்குக் கிடைப்பார்கள்?

இரண்டாவது நன்றி எதிர்க்கட்சிக்கு. அவர்கள் செவ்வாய்க்கிழமை வந்து, எல்லையை மூடாததுதான் காரணம் என்றார்கள். எல்லை இங்கிருந்து ஐந்நூறு கிலோமீட்டர். பெட்ரோல் வாங்கிய பங்க் இங்கிருந்து நான்கு தெரு. அவர்கள் தொலைநோக்கு உடையவர்கள்.

மூன்றாவது நன்றி, புதன்கிழமை வெள்ளைப் புறா பறக்கவிட்ட கட்சிக்கு. 'நாம் எல்லோரும் ஆப்பிரிக்கா' என்று எழுதிய பனியன்களும் தந்தார்கள்.

"எனக்குக் கெடைக்கல டீச்சர்!"

கிடைக்கும் தம்பி, அடுத்த கலவரம் வரை பொறு.

நான்காவது நன்றி இந்தக் கூட்டத்தின் தலைவர் ம்பொங்கேனிக்கு. நடந்ததை எந்தச் சொல்லால் அழைப்பது என்று முடிவு செய்ய ஒரு குழு அமைத்தார். குழு மூன்று மணி நேரம் விவாதித்து, 'வருத்தத்துக்குரிய நிகழ்வுகள்' என்று தீர்மானித்தது. நல்ல சொல். நிகழ்வு என்றால் தானாக நிகழ்வது, ஆலங்கட்டி மழையைப் போல. யாரும் செய்யவேண்டியதில்லை.

"டீச்சர், கிண்டல் பண்றீங்களா?"

இல்லை அப்பா. மொழி ஆசிரியை. சொற்களைப் பார்த்தால் நின்றுவிடுவது என் தொழில். அந்தத் தொழிலால் நான் செய்த ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும்.

நம் தெரு மூலையில் குளிர்பெட்டி பழுதுபார்க்கும் யாமிக்கானியை எல்லோரும் அறிவீர்கள். மலாவியிலிருந்து வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. தேவாலயக் கூடத்தில் நான் நடத்திய ஜூலு வகுப்பில் இரண்டு ஆண்டுகள் முதல் பெஞ்சில் உட்கார்ந்தவர். என் மாணவர்களில் இலக்கணப் பிழை இல்லாமல் எழுதியவர் அவர் ஒருவர்தான். இங்கே அமர்ந்திருக்கும் என் மற்ற மாணவர்கள் மன்னிக்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, அடுப்பில் கோழி வெந்துகொண்டிருந்த நேரம். அவர் கடை என் வீட்டிலிருந்து மூன்றாவது கதவு. இருபது பேர் அவரைச் சூழ்ந்து நின்றார்கள். அந்தக் கும்பலை நடத்திவந்தவர் பெயரைச் சொல்லமாட்டேன். மூன்றாம் வரிசையில் இருக்கிறார். வெளியாளைக் கண்டுபிடிக்கும் சோதனை என்று அவர் தன் முழங்கையைத் தட்டிக் காட்டினார்.

"டேய், இதுக்கு ஜூலுல என்னடா பேரு?"

"இன்டொலொல்வானே, அண்ணே."

கூட்டம் திகைத்தது. விடை சரியா தவறா என்று கேட்டவருக்கே தெரியவில்லை!

"தப்புடா, இ-எல்போதானே?"

"அது இங்கிலீஷுடா மடையா, முன்னாடி ஒரு 'இ' போட்டிருக்கே."

"அப்ப எதுடா சரி?"

"எனக்கென்ன தெரியும்? டீச்சரைக் கேளு."

வந்தார்கள். ஒருவர் கையில் பெட்ரோல் கேன் இருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் தொப்பியைக் கழற்றினார்.

"மத்தியான வணக்கம் டீச்சர். தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க. முழங்கைக்கு என்ன சொல்?"

நான் சொன்னேன். ஒருவர் திருப்பிச் சொன்னபோது உச்சரிப்பையும் திருத்தினேன். நன்றி சொல்லி, வெளிவாசலை ஒழுங்காகச் சாத்திவிட்டுப் போனார்கள். நான் ஜன்னலருகே நின்றேன்.

"அவன் சொன்னது சரியாம்டா."

மூன்றாம் வரிசைக்காரர் சொன்னார்: "அதான் பாரு! நம்மாளு எவனாவது இவ்வளவு சுத்தமா பேசுவானா? இவன் வெளியாளுதான்!"

கடை எரிந்தது. யாமிக்கானி பின்சுவர் ஏறித் தப்பினார். உள்ளே பழுதுபார்க்கக் கிடந்த ஒன்பது குளிர்பெட்டிகளும் எரிந்தன. ஒன்பதும் இந்தத் தெருக் குடிமக்களுடையவை.

தாய்மார்களே, அமைச்சரைக் கேலி செய்தேன், தலைவரைக் கேலி செய்தேன். என்னை என்ன செய்வது? அந்த இருபது பேரில் எட்டுப் பேர் என்னிடம் படித்தவர்கள். 'எதுக்குடா கேக்கிறீங்க?' என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே! 'கேனைக் கீழ வை' என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாமே! ஒரு மனிதன் உயிரோடு இருக்கலாமா என்று நடத்திய தேர்வுக்கு என்னைத் தேர்வாளராக அழைத்தார்கள். நான் விடைத்தாளைத் திருத்தினேன். முழு மதிப்பெண் போட்டேன். கதவைச் சாத்திக்கொண்டேன். அது நிகழ்வு அல்ல. அதை நான் செய்தேன்.

யாமிக்கானியும் மனைவி ததாலாவும் மகளும் காவல் நிலையத்துக்குப் பின்னால், பந்தாட்ட மைதானத்துக் கூடாரத்தில் இருக்கிறார்கள். நாளை கூடாரங்களைப் பிரிக்கிறார்கள். அதிகாரி கொடுத்த படிவத்தில் இந்தத் தெருவாசிகள் பத்துப் பேர், 'இவர்கள் திரும்பி வருவதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை' என்று அடையாள எண்ணோடு கையெழுத்திட்டால் அவர்கள் வீடு திரும்பலாம். இல்லையென்றால் எல்லைக்குப் போகும் பேருந்து. இரண்டு நாளாக அந்தப் படிவம் வெறுமையாக இருக்கிறது. நானும் அதைக் கைப்பையில்தான் வைத்திருந்தேன்.

"கையெழுத்துப் போட்டா எங்க வீட்டையும் கொளுத்திருவாங்களே, டீச்சர்!"

மா-ந்த்ஷாலி அம்மா, உட்காராதீர்கள், நின்றே கேளுங்கள். நீங்கள் சொல்வது உண்மை. கொளுத்தலாம். பயப்படவேண்டாம் என்று மேடையிலிருந்து சொல்ல எனக்குத் தகுதி இல்லை, நானே ஜன்னலுக்குப் பின்னால் நின்றவள். ஒரு பெயர் மட்டும் இருந்தால், அது எந்த வீடு என்று தேடி வருவார்கள். பத்துப் பெயர் இருந்தால் தேடி வரவேண்டியது ஒரு தெருவை. இந்தத் தெருவைக் கொளுத்த இந்தத் தெருவில் ஆள் கிடைக்குமா? கிடைக்குமா, மூன்றாம் வரிசை?

தரையைப் பார்க்கிறார். நல்லது.

இதோ, எல்லோரும் பார்க்க முதல் வரியில் என் பெயரை எழுதுகிறேன். அடையாள எண்ணையும் எழுதிவிட்டேன். தலைவர் அவர்களே, உங்கள் வீடும் இதே தெருதான். குழு கூட்டிப் பேசவேண்டியதில்லை, படிவத்தை உங்களுக்கு முன்னால் வைத்திருக்கிறேன்.

"டீச்சர், பேனாவை இங்க குடுங்க. என் குளிர்பெட்டி எரிஞ்சுபோச்சு, அவன் வந்தாத்தான் வேற ஒண்ணு பார்த்துத் தருவான்."

வாருங்கள் மா-ந்த்ஷாலி. காரணம் எதுவானாலும் கையெழுத்து செல்லும். தம்பி, அம்மாவுக்கு வழிவிடு. தலைவர் அவர்களே, பேனாவைக் கொஞ்சம் அப்படி நகர்த்துங்கள். நீங்கள் மூன்றாவதாகப் போடலாம்.

ஐந்து நிமிடம் என்றார்கள், கூடுதலாக எடுத்துக்கொண்டேன். பொறுத்துக் கேட்டீர்கள். இதுவரை சொன்ன நன்றி எல்லாம் முறைக்காக. மேசைக்கு எழுந்து வருகிறவர்களுக்குச் சொல்லப்போவது மனத்திலிருந்து. இன்னும் எட்டு வரி காலி. வணக்கம்.