முட்டி வலி

மனைவி: நில்லுங்க... முட்டி புடிச்சுக்கிச்சு.

தையல்காரர்: முதல் மாடிக்கேவா? வீட்டுக்கு இன்னும் ரெண்டு மாடி இருக்கு.

மனைவி: நீங்க போங்க, நான் மெதுவா...

தையல்காரர்: உன்னை விட்டுட்டு எங்க போறது. நிக்கிறேன்.

மனைவி: இதய வால்வு ரொம்பச் சுருங்கிப் போச்சு, தொந்தரவு வர்றதுக்கு முன்னாடியே மாத்திடலாம்னு டாக்டர் இன்னைக்கு அவ்வளவு சொல்றாரு. நீங்க பாட்டுக்கு ஆறு மாசம் போகட்டும்னு எழுந்துட்டீங்க.

தையல்காரர்: தொந்தரவு இருந்தாத்தான் உடனே மாத்தணுமாம். எனக்கு ஒண்ணுமில்லையே. மூச்சு வாங்குதான்னார், இல்லன்னேன். மாடி ஏற முடியுதான்னார்...

மனைவி: முடியுதுன்னீங்க.

தையல்காரர்: ஏறிட்டுத்தானே இருக்கேன். நீதான் நொண்டுற.

மனைவி: இதயம் தளந்தப்புறம் மாத்தினா பலன் குறைச்சல்னாரு. வெள்ளம் வருமுன்னே அணை போடணும்ங்க.

தையல்காரர்: அவரு என்னைவிட நல்லாத் தைப்பாரான்னு கேட்டியா?

மனைவி: எனக்குச் சிரிப்பு வரல.

தையல்காரர்: சரி, வா...

மனைவி: இருங்க... வலி இன்னும் போகல.

தையல்காரர்: நேத்து இடது முட்டின்ன. இப்ப வலதைப் புடிச்சிருக்க.

மனைவி: எனக்கு முட்டி வலியே கிடையாதுங்க.

தையல்காரர்: தெரியும்.

மனைவி: படியில செவத்தப் புடிச்சுக்கிட்டு நிப்பீங்க. என்னன்னு கேட்டா எரிஞ்சு விழுவீங்க. நான் வலின்னு நின்னா நீங்களும் நிப்பீங்களேன்னுதான்... அதுவே வினையாயிருச்சு. மூச்சே வாங்கலன்னு நீங்க சொல்றப்ப நானும் பக்கத்துல வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன்.

தையல்காரர்: பயமா இருந்துச்சுடி. நெஞ்சைத் திறக்க வேண்டி வரலாம்னதும்... வாய் தானா ஒண்ணுமில்லன்னிருச்சு.

மனைவி: எனக்கு மட்டும் பயமில்லையா? வாங்க, திரும்பிப் போவோம். டாக்டர் இன்னும் இருப்பாரு. கொஞ்சம் மூச்சு வாங்குது, அவ்வளவுதான்னு சொல்லிருவோம். இப்பத்தானே ஆரம்பம்.

தையல்காரர்: ஆரம்பம் இல்ல...

மனைவி: பின்ன?

தையல்காரர்: போன மாசம் கடையில, மோட்டார் மிஷின் மேலயே மயங்கி விழுந்துட்டேன். முழிச்சுப் பாத்தா... கால் மிதியிலயே இருக்கு, தையல் பாட்டுக்குத் துணி பூரா கன்னாபின்னான்னு ஓடியிருக்கு. அதுக்கப்புறமும் ஒரு தடவை. யாரும் வர்றதுக்குள்ள தையலப் பிரிச்சுட்டு, மறுபடி தச்சு வச்சுட்டேன்.