ஊசிக்கும் பொட்டு

ராசிபுரம் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு தறிக்காரரும் அவர் சம்சாரமும்.

“ஏனுங்க, ஆயுத பூசைக்குத் தறிக்குப் பொட்டு வெச்சீங்க, சரி. எங்கண்ணன் குடுத்த ரெக்கார்டு பிளேயர் ஊசிக்கு எதுக்குச் சந்தனம் வெச்சீங்க?”

“அதுவும் மிஷின்தான? அதை மட்டும் எப்படி உடறது?”

“காஞ்ச சந்தனத்தைச் சொரண்டறேன்னு ஊசியவே ஒடிச்சுப்போட்டீங்க. அண்ணன் நாளைக்கு வாராரு. போட்டுக் காட்டச் சொன்னா?”

“அதான் புது ஊசி வாங்கியாச்சே.”

மல்லூர் தாண்டுவதற்குள் எத்தனையாவது முறையோ, சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“ஊட்டுக்குப் போனதும் மாட்டிருங்க.”

“புதுசாச்சே. சாமிகிட்ட வெச்சுட்டு மாட்டறேன்.”

“பொட்டு?”

“பொட்டில்லாம எப்படி?”

அந்த அம்மா அவர் பையிலிருந்த ஊசி டப்பாவை எடுத்து, தன் பர்ஸுக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.